என் பதினாலு பேரும் பச்சை

ஜன்னல் பக்கம் நீயே உட்காரும்மா. எனக்கு எதிர்காத்து ஒத்துக்கிடாது. அந்தப் பையை மடியில வச்சுக்கோ, மேலே வச்சா பிரேக் அடிக்கையில விழும். லேப்டாப்தானே? பார்த்தாலே தெரியுது. நாலு மாசமா இதே மாதிரிப் பையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு.

நீயும் கம்ப்யூட்டர் வேலையா? சரி. அப்போ நான் சொல்லுறதுக்குக் கோவிச்சுக்கிடக் கூடாது. நான் யாரையும் குறை சொல்லுற ஆள் இல்லை. காலையில நாலரைக்கு முழங்கால் போட்டா ஆறு மணி வரைக்கும் ஊர்ல உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கிறவ. அந்த முகுந்தன் தம்பிக்காகவும்தான் ஜெபிக்கேன். ஆனா உண்மையைச் சொல்லணும்லா? அவனை மாதிரி ஒரு வெத்து ஆளை நான் என் வயசுக்குப் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையா போறே? நானும் அங்கேதான். ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. எங்க ரத்தினபாய் அக்கா அங்கே கிடக்கா. அவளைப் பார்க்கத்தான் போறேன். அவளை அங்கே கொண்டு போட்டதே இந்தக் கம்ப்யூட்டர்தான். கேளு.

எங்க சங்கம் ரொம்பச் சின்னது. 'அன்பின் கரங்கள்'னு பேரு. பொன்னையா சார்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அவர்தான் செயலாளர். அவர் வீட்டு மாடியில ஒரு அறை, அதுதான் ஆபீஸ். நானும் இன்னும் ரெண்டு பேரும், பொம்பளைங்க மூணு பேரு, ஆளுக்கு மூணு ஊரு. படுக்கையில கிடக்கிறவங்க வீட்டுக்குப் போவோம். துடைச்சு விடுவோம், திருப்பிப் படுக்க வைப்போம், புண்ணு இருந்தா மருந்து வைப்போம், ஜெபிச்சிட்டு வருவோம். பெனிட்டான்னு ஒரு நர்ஸ், வாரத்துக்கு ரெண்டு நாள் வருவா. ஒரு நாளைக்கு ஆறு வீடுதான் அவளால பார்க்க முடியும். சங்கத்துக்குச் சொத்துன்னு சொன்னா, படுக்கைப் புண்ணு வராம இருக்கிறதுக்கு ரெண்டு வாட்டர் பெட், நாலு வீல் சேர். அவ்வளவுதான்.

என் பங்குக்குப் பதினாலு பேரு. பதினாலு பேரும் என் ஜெப நோட்டுல இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் மாடியில கூடுவோம். அவங்கவங்க ஜெபக் குறிப்பைச் சொல்லுவோம். நான் நோட்டைத் திறந்து, இன்னாருக்கு இடுப்புல புண்ணு, இன்னாருக்கு மூணு நாளா வயித்தால போகுது, இவங்களுக்காக ஜெபிக்கணும்னு வாசிப்பேன். எல்லாரும் கண்ணை மூடி மன்றாடுவோம். பார்த்துக்கோ, திங்கட்கிழமை காலையில பெனிட்டா நேரா அந்த வீட்டு வாசல்ல வந்து நிப்பா. யாரு சொன்னா? யாரும் சொல்லலை. ஜெபத்துக்கு அவ்வளவு வல்லமை. ஆறு வருஷம் அப்படித்தான் நடந்துச்சு, ஒரு கம்ப்யூட்டரும் இல்லாம.

அப்போதான் இந்த முகுந்தன் வந்தான். சின்னச் சின்னச் சங்கங்களுக்குப் போய் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறதுக்குன்னே மெட்ராஸ்ல ஒரு நிறுவனம் இருக்காம். சாரோட மகள் எழுதிப்போட்டு வரவழைச்சா. ஒல்லியா, தாடி வச்சுக்கிட்டு, கையில குழந்தை மாதிரி ஒரு தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தான். எங்க ஊர்த் தண்ணியைக் குடிக்க மாட்டான் போல.

முதல் நாள் எங்களை வரிசையா உட்கார வச்சு சுவத்துல படம் காட்டினான். தோசையை மூணு துண்டா வெட்டின மாதிரி ஒரு படம். ஒரு துண்டு சிவப்பு, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு பச்சை. 'பயனாளிகள்'னு ஒரு வார்த்தை. வாயைத் திறந்தா பயனாளி. எங்க ரத்தினபாய் அக்கா இருபத்தஞ்சு வருஷம் சத்துணவுக்கூடத்துல ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டவ. அவ அங்கே பயனாளி நம்பர் பதினேழு.

"உங்ககிட்ட என்ன டேட்டா இருக்கும்மா?"ன்னு கேட்டான். எனக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னு நினைச்சான். என் மூத்தவன் கோயம்புத்தூர்ல இருக்கான், மகள் துபாய்ல இருக்கா. தினம் காலையில இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கு வாட்ஸ்அப்ல வசனம் அனுப்புறவ நான். என்கிட்டயா? ஜெப நோட்டை எடுத்துக் கையில கொடுத்தேன். ரெண்டு பக்கம் புரட்டினான். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். அழகாம். நான் என்ன கோலமா போட்டு வச்சிருக்கேன்?

அப்புறம் ஆளுக்கு ஒரு டேப் கொடுத்தான், பெரிய போன் மாதிரி. இந்தா பாரு, இதுதான். ஒரு வீட்டுக்குப் போனா இதைத் திறக்கணும், பேரைத் தொடணும். சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, புண்ணு இருக்கான்னு கேக்கும். கடைசியில மூணு வட்டம் வரும். மோசம்னா சிவப்பு, பரவாயில்லைன்னா மஞ்சள், சுகம்னா பச்சை. சிவப்புல உள்ளவங்களை இது தானா மேலே தூக்கிப் பட்டியல் போட்டுக் கொடுக்குமாம். நர்ஸ் அதைப் பார்த்துப் போவாளாம். வாட்டர் பெட்டும் அதன்படிதான். இனிமே சனிக்கிழமை கூட்டம் வேண்டாம்னுட்டான்.

"எதுக்கும்மா நீங்க ரெண்டு பஸ் மாறி வரணும்? எல்லாம் இதுலயே வந்துரும்."

"ஜெபம் தம்பி?"

"வீட்டிலேயே பண்ணிக்கலாமேம்மா."

சாருக்குப் படிச்சவன் எவனைப் பார்த்தாலும் வாய் அடைச்சுப் போகும்.

முதல் வாரம் ரத்தினபாய் அக்கா வீட்டுக்குப் போனேன். இடுப்பு ஒடிஞ்சு ஒரு வருஷமா கிடக்கா. மகன் பம்பாயில. பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு வேளை கஞ்சி கொடுக்கா. நான் திருப்பிப் பார்த்தேன், முதுகுக்குக் கீழே ஒரு இடம் சிவந்து கன்னிப்போய் இருந்துச்சு. மருந்து வச்சேன், ஜெபிச்சேன். டேப்பைத் திறந்தேன். புண்ணு இருக்கான்னு கேட்டுச்சு, இல்லைன்னு தொட்டேன். மூணு வட்டம் வந்துச்சு. பச்சையை அமுக்கினேன்.

என்ன பார்க்கே? நீ எங்க சபைக்காரி இல்லை, அதான் உனக்கு விளங்கலை. நாங்க வியாதியை வாயால அறிக்கை பண்ண மாட்டோம்மா. எப்படி இருக்கேன்னு யாராவது கேட்டா, காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சாலும் 'சுகம்'னுதான் சொல்லுவோம். விசுவாசத்துல சொல்லுதது. மோசம்னு நீ சொல்லிட்டா அதுக்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கு ஈரல் போச்சு, மூணு மாசம்தான்னு டாக்டர் சொன்னாரு. கேட்டவங்ககிட்டயெல்லாம் நான் சுகம் சுகம்னுதான் சொன்னேன். பதினோரு வருஷம் இருந்தாரு. கடைசி ரெண்டு வருஷம் எழுந்திருக்கலை, அது வேற. ஆனா இருந்தாருல்லா?

ஜெபக் குறிப்பு வேற. அது ஆண்டவர்கிட்ட சொல்லுதது. அங்கே எதையும் மறைக்கக் கூடாது. மனுஷன் கேட்டா சுகம். மெஷின் கேட்டாலும் சுகம். மெஷின் என்ன, மனுஷனைவிட ஒசத்தியா?

அக்கா படுத்தபடியே கேட்டா: "ஏளா ஜெயசீலி, அதுல என்னத்தை நோண்டுதே?"

"உங்களுக்குச் சுகம்னு போடுதேன் அக்கா."

"அப்போ என் முதுகுக்கு யாரு சொல்லுவா?"

"விசுவாசமா இருங்க அக்கா."

"விசுவாசம் இருக்குளா. ஈ தான் வந்து உட்காருது."

அவளுக்கு எப்பவும் குசும்புதான். நான் கொசுவலை கட்டிட்டு வந்தேன்.

ஸ்டெல்லான்னு ஒருத்தி எங்ககூட. சபைக்கு வருவா, போவா, ஆழம் கிடையாது. அவ எல்லாத்துக்கும் சிவப்பு. கொசு கடிச்சாச் சிவப்பு, கஞ்சி மிச்சம் வச்சாச் சிவப்பு. விரல்ல சாயம் ஒட்டியிருக்கோன்னு எனக்குச் சந்தேகம். என்ன ஆச்சு? நர்ஸ் முழுக்க அவ பக்கம். ரெண்டு வாட்டர் பெட்டும் அவ பக்கம். அவளோட ஆளுங்க பவுடர் போட்டு, தலை சீவி, ராஜா மாதிரிச் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு என்ன கேடு? என் பக்கம் பெனிட்டா எட்டிப் பார்க்கலை. ஒரு வாரம் இல்லை, ரெண்டு வாரம் இல்லை, நாலு மாசம். மெஷினுக்கும் ஆள் பார்த்து நடக்கத் தெரியுது பாரு.

பெனிட்டாவை பஸ் ஸ்டாண்டில பிடிச்சுக் கேட்டேன். "எனக்கு வர லிஸ்ட்டுல உங்க ஊரே இல்லையேக்கா"ன்னா. லிஸ்ட்டாம். நாலு மாசம் முந்தி இவளுக்கு லிஸ்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?

அக்கா புண்ணு அதுக்குள்ளே எலுமிச்சம்பழம் அளவு ஆகிப்போச்சு. நானும் தினம் போறேன், கழுவுதேன், மருந்து வைக்கேன். தினம் பச்சையை அமுக்குதேன். அமுக்கும்போதே கண்ணை மூடி ஜெபிச்சுத்தான் அமுக்குவேன். சும்மா அமுக்கலை.

கடைசியில பொறுக்க முடியாம மாடிக்கே போயிட்டேன். இவன் மெட்ராஸ்ல இருந்து அன்னைக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு கையைக் கூப்பினான்.

"வாங்கம்மா. உங்க ஏரியாதான் எல்லாத்தையும்விட பெஸ்ட். ரிப்போர்ட்ல தனியாவே போட்டிருக்கேன். பதினாலு பேரும் நாலு மாசமா பச்சை. மெட்ராஸ்ல எல்லாரும் கைதட்டினாங்க."

எனக்கும் சந்தோஷம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வந்த விஷயத்தைக் கேட்கணும்லா?

"அப்போ ஏன் தம்பி நாலு மாசமா நர்ஸ் வரலை? வாட்டர் பெட் ஏன் தரலை?"

"நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்கும்மா?" அவன் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான். அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. "யாருக்கு வாட்டர் பெட் கேக்கறீங்க?"

"ரத்தினபாய் அக்காவுக்கு."

கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புண் இல்லைன்னு போட்டிருக்கே. அவங்க எப்படி இருக்காங்கம்மா?"

"சுகம்."

"சுகம்னா, புண் இல்லையா?"

"புண்ணு இருக்கு தம்பி. சுகமும் இருக்கு."

அவன் சாரைப் பார்த்தான். சார் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. துடைச்சுக்கிட்டே இருந்தாரு. "ஜெயசீலி"ன்னு ஒரு தடவை கூப்பிட்டாரு. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தின மனுஷன். எனக்கு ஒரு வார்த்தை பரிஞ்சு பேசக் கூடாதா?

ஆட்டோ பிடிச்சு நேரா அக்கா வீட்டுக்கு. அவனும் வந்தான். தண்ணி பாட்டிலை மறந்து மாடியிலேயே விட்டுட்டு வந்தான், அதை நான் கவனிச்சேன். நான் அக்காவைத் திருப்பி, புண்ணு மேல கட்டியிருந்த வெள்ளைத்துணியை எடுத்தேன். அவ்வளவுதான், மூக்கைக்கூடப் பொத்தலை, வெளியே போயிட்டான். வாசப்படியில போய்த் தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். பார்த்தியா லட்சணத்தை. நாலு மாசமா பயனாளி பயனாளின்னான், ஒரு பயனாளியைக் கண்ணால பார்க்கத் தெம்பில்லை. நான் எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷம் அள்ளிக் கொட்டினவ.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே வந்தான். கட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்தான்.

"அம்மா, ரொம்ப வலிக்குதா?"

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தா. "யாரு நீ? புது டாக்டரா?"

"இல்லைம்மா. நான் கம்ப்யூட்டர்."

"அப்போ உனக்கு என்ன தெரியும்? போ."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. காய்ச்சல்ல கிடக்கிறவ எப்படிச் சரியா அளந்து போட்டா பாரு. அவனுக்குச் சிரிப்பு வரலை. என் டேப்பை வாங்கினான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பேரைத் தொட்டான், சிவப்பை அமுக்கினான். நாலு மாசம் நான் கண்ணை மூடி ஜெபிச்சுக் கட்டினதை ஒரு விரலால தட்டிவிட்டான். அரைமணி நேரத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு. இன்னைக்கு ஒன்பதாவது நாள், அக்கா ஆஸ்பத்திரியில கிடக்கா. அவன் சிவப்பு போட்ட அன்னைக்குத்தான் போனா. அதை யாரும் யோசிக்கலை.

ஸ்டெல்லா என்ன சொல்லிக்கிட்டுத் திரியுதா தெரியுமா? நான் அமுக்கினதாலதான் நர்ஸ் வரலையாம். என் விரல்லயா இருக்கு எல்லாம்? என் விரலைப் பாரு. காய்கறி நறுக்கி நறுக்கிக் காய்ச்சுப்போன விரலு. இதுல என்ன இருக்கு?

ஆம்புலன்ஸ் வந்ததுக்கு மறுநாள் அவன் சார்கிட்ட கேட்டிருக்கான், முன்னாடியெல்லாம் நர்ஸுக்கு எப்படித் தெரியும்னு. சனிக்கிழமை ஜெபக் குறிப்பைக் கேட்டு, கூட்டம் முடிஞ்சதும் பெனிட்டாவுக்கு போன் பண்ணுவேன்னு சார் சொன்னாராம். எனக்கே அது புதுசு. இருக்கட்டும், போன் பண்ணணும்னு சாருக்குத் தோண வச்சது யாரு? ஆண்டவர்தானே?

உடனே என்கிட்ட ஓடி வந்தான். "அம்மா, அந்த நோட்டைக் கொஞ்சம் தரீங்களா?" எங்க வீட்டு முன்னறையில கீழே உட்கார்ந்து மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் படிச்சான். நான் ரெண்டு தடவை காப்பி கொடுத்தேன். எங்க ஊர்த் தண்ணியில போட்ட காப்பிதான், குடிச்சான்.

"இதுல எல்லாம் தேதியோட இருக்கேம்மா. முதல் மாசம் அஞ்சாம் தேதி சிவந்திருக்கு, அடுத்த மாசம் பதினொண்ணு தோல் உரிஞ்சிருக்கு, போன மாசம் இருபத்தி மூணு எலுமிச்சம்பழம் அளவு."

"ஆண்டவர்கிட்ட சொல்லும்போது சரியாச் சொல்லணும்லா தம்பி?"

நோட்டை மூடி மடியில வச்சுக்கிட்டான். "முதல் நாளே இதை என் கையில கொடுத்தீங்க"ன்னான். ஆமா, கொடுத்தேன். அழகா இருக்குன்னு திருப்பிக் கொடுத்தது யாரு? அதை நான் கேக்கலை. கேட்டா அழுதுருவான் போல இருந்துச்சு. எனக்கு அழுற ஆம்பளைகளைப் பார்த்தா ஆகாது.

இப்போ திரும்பச் சனிக்கிழமை கூட்டம் வச்சாச்சு. அவனே வைக்கச் சொன்னானாம். வந்து மூலையில உட்காருதான். எல்லாரும் கண்ணை மூடி மன்றாடிக்கிட்டு இருக்கோம், இவன் மட்டும் கண்ணைத் திறந்துக்கிட்டு டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டு இருக்கான். ஒரு பயபக்தி வேண்டாமா? டேப்லயும் ஒண்ணு புதுசாச் சேர்த்திருக்கான். பேரைத் தொட்டதும் முதல் கேள்வி, 'இவருக்காக எதற்கு ஜெபிக்க வேண்டும்?' பார்த்தியா? மெட்ராஸ்ல படிச்சு வந்து கடைசியில என் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கான். இதுக்கு ஒரு நிறுவனம், அதுக்கு ஒரு பேரு. அந்த வட்டத்தை எடுத்துருதேம்மான்னான். நான்தான் கூடாதுன்னுட்டேன். இருக்கட்டும் தம்பி, பச்சை இருக்கட்டும்னேன்.

அக்கா எப்படி இருக்காளா? சுகம்மா. சுகமா இருக்கா.

காலையில முழங்கால் போட்டா இப்போ முதல்ல அவ பேருதான் வருது. மத்த பதிமூணு பேருக்குப் போக முடியலை. அங்கேயே நிக்குது. விடிஞ்சிருது.

ஏம்மா, எனக்கு ஒரு உபகாரம் செய்யுதியா? கண்ணாடியை எடுக்காம வந்துட்டேன், பஸ்ஸும் குலுக்குது. நேத்துப் பார்த்ததை இன்னும் இதுல போடலை. நீதான் இந்த வேலைக்காரி ஆச்சே. இந்தா, பதினேழு, ரத்தினபாய்னு இருக்கும், அதைத் தொடு. எதுக்கு ஜெபிக்கணும்னு கேக்குதா? நான் சொல்லுதேன், நீ அடி.

'புண் எலும்பு வரைக்கும் போயிருக்கு. காய்ச்சல் ஒன்பது நாளா விடலை. ரெண்டு நாளா என்னை அடையாளம் தெரியலை, ஜெயசீலி வந்திருக்கேன்னு சொன்னா, எந்த ஜெயசீலின்னு கேக்கா. நேத்து கஞ்சி இறங்கலை. டாக்டர் மகனை வரச்சொல்லிட்டாரு. இந்த அக்காவுக்காக எல்லாரும் ஜெபிக்கணும். எனக்காகவும்.'

எனக்காகவும்ங்கிறதை வேணும்னா எடுத்துரு. இல்லை, இருக்கட்டும்.

அடிச்சிட்டியா? இப்போ கீழே மூணு வட்டம் வரும். வந்துட்டா? பச்சையை அமுக்கு.

ஏன் என்னையே பார்க்கே? பச்சைதாம்மா. அமுக்கு. ஸ்டாப் வருது, நான் இறங்கணும். சீக்கிரம் பச்சையை அமுக்கும்மா.